எந்த மாமியின் நகைப்பெட்டி

ஒரு கோட்டின் கையைப் பார்த்து நான் மூன்று நாள் பொறாமைப்பட்டிருக்கிறேன். அந்தக் கோட்டைப் போட்டிருந்த இளவரசி மேல் அல்ல. அவளுக்கு என்ன, பிறந்ததும் மாளிகை, புகுந்ததும் அரண்மனை, அவள் தலையெழுத்து அப்படி. என் பொறாமையெல்லாம் அந்தக் கையைத் தைத்த ஆள் மேல். தோள்மூட்டில் ஒரு சுருக்கம் இல்லை. அவள் சனத்துக்குக் கையாட்டும்போதும் முதுகுப்பக்கம் இழுபடவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தையலை எங்கே ஒளித்தான் பாவி என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. பிரெஞ்சு பேசுகிற இந்த ஊரில், வில்லரே என்கிற பகுதியில் ஒரு ட்ரை கிளீனிங் கடையின் மூலையில் இருந்துகொண்டு இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களின் உடுப்பைத் திருத்துகிறவள் நான். கால்சட்டைக் கரை மடிப்பேன், அறுந்த சிப்பை மாற்றுவேன், கலியாணக் கவுனின் இடுப்பைப் பிரித்துவிடுவேன். எனக்கு வயிறு எரியாமல் வேறு யாருக்கு எரியும்?

இந்த எரிச்சலையெல்லாம் சிரிக்காமல் கேட்க உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். மேல்வீட்டு அக்கா. கூடப் பிறந்த அக்கா இல்லை. என்னைவிட மூன்று வயது மூப்பு, அவரும் யாழ்ப்பாணம், இரண்டு பேரும் ஒரே கட்டடம், அவ்வளவுதான் உறவு. ஒரு கார்டெறியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிற வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியே இரும்புப் படிக்கட்டில் அவர் இறங்குகிற சத்தம் கேட்கும். நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பேன். பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு உலகத்து அரண்மனைகளெல்லாம் என் குசினி மேசைக்கு வந்துவிடும்.

நான் உடுப்பைப் பார்ப்பேன். அக்கா வழக்கங்களைச் சேர்ப்பார். பாப்பரசரைப் பார்க்கப் போகிற பெண்கள் கறுப்புத்தான் உடுக்கவேண்டுமாம், கத்தோலிக்க ராணிமாரில் ஒரு சிலர் மட்டும் வெள்ளை உடுக்கலாமாம் என்று ஒரு நாள் மூச்சு வாங்க வந்து சொன்னார். ராசகுடும்பத்து ஆட்கள் எங்கே பயணம் போனாலும் பெட்டிக்குள் ஒரு கறுப்பு உடுப்பு இருக்கவேண்டும், வழியில் யாரும் செத்துவிட்டால் உடனே போடுவதற்கு. இங்கிலாந்து அரண்மனையில் நத்தார்ப் பண்டிகைக்கு வருகிற விருந்தாளிகளைத் தராசில் ஏற்றி நிறுப்பார்களாம், போகும்போது திரும்பவும் நிறுப்பார்களாம். நிறை கூடியிருந்தால்தான் நன்றாகச் சாப்பிட்டார்கள் என்று அர்த்தமாம். "எங்கட வீட்டை வாற சனத்தை நிறுத்துப் பாத்தா அடுத்த முறை ஒருத்தரும் வரமாட்டினம்" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். யப்பானில் அரச குடும்பத்துப் பெண் சாதாரண வீட்டுப் பையனைக் கட்டினால் பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று வாசித்த அன்று மட்டும் அவர் சிரிக்கவில்லை. "பாத்தியே தங்கச்சி, ஆம்பிளை ஆரைக் கட்டினாலும் இருக்கலாம். அங்கையும் பொம்பிளைப் பிள்ளையைத்தான் வெளியால அனுப்புறாங்கள்" என்றார். அவருக்கும் ஒரு மகள் இருந்தாள்.

பாவாடைக் கரைக்குள் சின்ன ஈயக் குண்டுகளை வைத்துத் தைப்பார்களாம், காற்று தூக்காமல் இருக்க. இதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியுமா? மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் ஈயம் வாங்கி வந்து அக்காவின் மகளுடைய பள்ளிக்கூடக் கலைவிழாச் சட்டையில் வைத்துத் தைத்தேன். பிள்ளை ஆடி முடித்து வரும்போது ஈயம் அடித்து இரண்டு முழங்காலும் நீலம். அக்கா என்னை ஏசவில்லை. அரண்மனைப் பிள்ளைகள் ஆடமாட்டினம், நடக்கத்தான் செய்வினம், அதை யோசியாமல் விட்டிட்டம் என்றார். அப்படி ஒரு சிநேகிதம்.

பெயர்களை நாங்கள் சொல்வதில்லை. ஒருமுறை மெட்ரோவில் ஓர் இளவரசியின் தொப்பியைப் பற்றி நான் சற்று உரக்கக் கதைக்க, எதிரே இருந்த வெள்ளைக்காரக் கிழவி அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு என்னை இறங்கும்வரை முறைத்தார். நான் அவருடைய சொந்தப் பேத்தியைத் திட்டியதுபோல. அன்றோடு பெயர்களை விட்டுவிட்டோம். ராசா என்றால் பெரியவர். ராணி என்றால் மாமி. அவர்களுடைய மகன்மாரின் பெண்சாதிமார் மூத்த மருமகள், சின்ன மருமகள். எங்கள் இரண்டு பேருக்கும் ஆகப் பிடித்தது ஒரு குளிர்தேசத்துச் சின்ன அரண்மனை. எது என்று சொல்லமாட்டேன். நீங்கள் நினைக்கிற பெரிய அரண்மனை அல்ல, அதை ஊரே பார்க்கிறது. இது எங்களுடையது. அங்கே மாமி ஒருவர், மருமக்கள் இரண்டு பேர், அவர்களுக்குள் எப்போதும் ஒரு புகைச்சல்.

அக்காவுக்கும் இரண்டு மகன்மார், இரண்டு மருமக்கள். அதை அப்போது நாங்கள் யோசிக்கவே இல்லை.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று இருக்கக் கூடாது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. கட்டினவர் ஏழு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். மேலே அக்காவின் பேரப்பிள்ளைகள் ஓடுகிற சத்தம் என் கூரையில் கேட்கும். எரிச்சல் வரும்தான். ஆனால் அது பெரிய எரிச்சல் இல்லை, பழகிப்போன எரிச்சல். ஞாயிறு பத்து மணிக்கு அக்கா படியிறங்கி வரும்வரை மற்றதெல்லாம் எனக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்தது.

பிறகு மகளுக்குக் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில். பையனின் தகப்பன் ஒரு கந்தோரில் பெரிய உத்தியோகம், சொந்த பங்களா வீடு, பின்னால் தோட்டம். மாப்பிள்ளையும் பெண்ணும் இரண்டு மூன்று தரம் சந்தித்துக் கதைத்து, பிடித்தும்போய்விட்டது. சாதகமும் பார்த்தாயிற்று, நல்ல பொருத்தம். எனக்குச் சந்தோசம்தான். அந்தப் பிள்ளையை ஆறு வயதிலிருந்து எனக்குத் தெரியும். அவளுடைய கலியாணச் சீலைக்குச் சட்டை தைக்கிறது நான் என்பதை யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை என்று நினைத்தேன். கை எப்படி, கழுத்து எப்படி என்று கடுதாசியில் கீறியும் வைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு அக்கா வரவில்லை. லொங்குய்க்குப் போயிருந்தார். அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தார், ஆனால் வந்தும் வராததுபோல் இருந்தது.

"சம்பந்தி நல்ல மனுசி தங்கச்சி. என்ன பகிடி! என்ன சமையல்! வீட்டை என்ன துப்புரவா வைச்சிருக்கிறா!"

சம்பந்தி! கலியாணம் இன்னும் பதிந்து எழுதவில்லை, அதற்குள் சம்பந்தி. நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு அரண்மனைக் கதையை எடுத்தேன். அக்கா கைபேசியில் நேரம் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு ஞாயிறுதான் எங்களுக்கு நல்லதாகக் கிடைத்தது. செப்டம்பரில், ஜான்-டலோன் சந்தையில். கத்தரிக்காய் கூடை கூடையாகக் குவிந்து கிடந்தது. அந்த வாரம் எங்கள் குளிர்தேசத்து அரண்மனையில் பெரிய விருந்து நடந்திருந்தது. இந்த வீடுகளில் தலையில் வைக்கிற வைரக் கிரீடங்கள் மருமக்களுக்குச் சொந்தம் இல்லை. பெட்டகம் ராணியின் பொறுப்பு. விருந்துக்கு விருந்து அவர் எடுத்துக் கொடுப்பார், முடிந்ததும் திரும்பி வரவேண்டும். இந்த முறை மூத்தவள் தலையில் பெரிய கிரீடம் மின்னுகிறது. சின்னவள் வெறுந்தலையோடு நிற்கிறாள்.

நான் ஒரு கத்தரிக்காயை அமத்திப் பார்த்தபடி சொன்னேன்: "மாமி நகைப்பெட்டியைப் பூட்டி வைச்சிருக்கிறா அக்கா. மூத்த மருமகளுக்கு மட்டும்தான் எடுத்துக் குடுக்கிறா. சின்னவளுக்கு ஒரு தோட்டுக்கும் வழியில்லை. பாவம், மொட்டையா வந்து நிக்கிறாள்."

அக்கா தன் பெரிய குரலில் சொன்னார்: "மாமி செய்யிறது சரி. சின்னவளிட்டைக் குடுத்தா திருப்பித் தருவாளே? பூட்டித்தான் வைக்கோணும். நானெண்டா திறப்பை இடுப்பில செருகிக்கொண்டு திரிவன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் என் கூடையிலும் தன் கூடையிலும் மாறி மாறிக் காய் போட்டார். பழைய அக்கா திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு ஒரே குதூகலம்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போதுதான் சொன்னார். "கலியாணச் சட்டையளை ரொறன்ரோவில தைப்பிக்கப் போறம். சம்பந்திக்கு ஒரு பிள்ளையைத் தெரியுமாம், நல்ல திறமாத் தைக்குமாம். உனக்கேன் இந்த வயதில கரைச்சல்?"

உனக்கேன் கரைச்சல்! எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊசியில் நூல் கோர்க்க இன்றைக்கும் கண்ணாடி வேண்டாம். "ஓமோம், அதுதான் நல்லது" என்றேன். வீட்டுக்கு வந்து கீறி வைத்த கடுதாசியைக் கிழித்தேன். கிழித்தும் ஆறவில்லை. கத்தரிக்காயைச் சமைக்கவும் இல்லை, அது குளிர்ப்பெட்டிக்குள் கிடந்து கறுத்துப்போயிற்று.

அடுத்த வாரம், செவ்வாயோ புதனோ, கடைக்கு ஒரு பெண்மணி வந்தார். நல்ல உடுப்பு, அளவான நகை, அறுபது வயது இருக்கும். ஒரு சீலைச் சட்டையின் கையைக் கொஞ்சம் இளக்கித் தரவேண்டும் என்றார். அந்தக் கையை இளக்கத் தேவையே இல்லை, அவர் போட்டால் வடிவாக இருக்கும். லொங்குய்யிலிருந்து வருகிறேன் என்று அவர் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. இவர்தான் சம்பந்தி, இது விசாரிப்பு. எங்கள் ஆட்கள் சம்பந்தம் எழுதுவதற்கு முதல் பெண் வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் மெதுவாகக் கேட்பார்கள். ஒரு சாட்டோடுதான் வருவார்கள், நேரே வரமாட்டார்கள்.

"நீங்கள் அவையின்ரை கீழ்வீட்டிலதானே இருக்கிறியள்?"

"ஓம்."

"கனகாலமோ?"

"இருவது வருசத்துக்கு மேல."

"அப்ப உங்களுக்குத் தெரியாதது இருக்காது." குரலைத் தாழ்த்தினார். "குறை நினையாதேங்கோ. பிள்ளையில எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தாயைப் பற்றித்தான் ஒரு கதை. அவ மருமக்களின்ரை நகைநட்டையெல்லாம் வாங்கிப் பூட்டி வைச்சிருக்கிறாவாம். மூத்தவளுக்கு மட்டும் எடுத்துக் குடுக்கிறாவாம், சின்னவளுக்கு ஒரு தோடும் இல்லையாம். என்ரை தமக்கை அவவைப் படத்தில பாத்தவ, சந்தையில அடையாளம் கண்டு தன்ரை காதால கேட்டவ, கத்தரிக்காய் தெரிஞ்செடுத்துக்கொண்டு நிக்கேக்கை. திறப்பை இடுப்பில செருகிக்கொண்டுதான் திரியிறதெண்டு அவவே சொன்னவவாம். எனக்கும் இன்னுமொரு மருமகள் இருக்கிறா. தாய் பிரிச்சுப் பாக்கிற ஆளெண்டா மகளும் அப்பிடித்தானே வளந்திருப்பாள்?"

கடவுளே! சிரிப்பு எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. அவருடைய தமக்கை எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கத்தரிக்காய் பொறுக்கியிருக்கிறார். ராணியின் வைரக் கிரீடம் அக்காவின் அலுமாரிக்குள் போய்விட்டது. "ஐயோ, அது எங்கட அக்காவின்ரை கதை இல்லை, அரண்மனைக் கதை" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். இரண்டு பேரும் சிரித்து, அவர் சட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "எனக்கெண்டா நம்ப ஏலாமக் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமையில அவ எங்கட வீட்டை வந்தா நேரம் போறதே தெரியாது. அவ்வளவு நல்லாக் கதைப்பா."

ஞாயிற்றுக்கிழமை. என்னுடைய ஞாயிற்றுக்கிழமை. என் குசினி மேசையில் கதைக்கவேண்டியதை இவருடைய வரவேற்பறையில் போய்க் கதைத்திருக்கிறார், நேரம் போவது தெரியாமல். ரொறன்ரோவில் தைக்கிற பிள்ளையைக் காட்டிக்கொடுத்ததும் இவர்தான். சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. சட்டையை மடித்தபடி சொன்னேன்:

"மற்றவையின்ரை வீட்டு விசயம். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

நான் பொய் சொல்லவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் எங்கள் ஆட்களுக்கு நடுவில் 'நான் ஒண்டும் சொல்லமாட்டன்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? சொல்வதற்கு நிறைய இருக்கிறது, நல்லது ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அந்த அம்மாவுக்கும் தெரியும். அவருடைய முகம் விழுந்தது. "விளங்குது" என்றார். சட்டையின் கையை இளக்கவேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து நாளில் லொங்குய்யிலிருந்து தொலைபேசி வந்தது. சாதகத்தை வேறு ஓர் ஐயரிடம் காட்டினார்களாம், ஏதோ பிசகுகிறதாம், மன்னிக்கவேண்டுமாம். அந்த ஞாயிறு பத்து மணிக்கு இரும்புப் படிக்கட்டில் சத்தம் கேட்டது.

அக்கா வந்து மேசையில் இருந்தார், தலை வாரவில்லை. "முதல் பாத்த நேரம் எட்டுப் பொருத்தம் எண்டினம். இப்ப என்ன பிசகு? நான் அங்கை ஏதும் பிழையாக் கதைச்சிட்டனோ தங்கச்சி? அவவின்ரை சமையலைக் குறை சொன்னனானோ? எவ்வளவு யோசிச்சும் விளங்குதில்லை." நான் தேத்தண்ணி வைத்தேன். தட்டில் பிஸ்கற் அடுக்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்கிறேன்: எனக்கு உள்ளே ஒரு சந்தோசம் இருந்தது. அக்கா என் மேசையில் இருக்கிறார். எழுந்து போக அவருக்கு வேறு இடம் இல்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று ஸ்பெயின் நாட்டு ராணியின் சிவப்புச் சட்டையைக் காட்டினேன், அதே சட்டையை அவர் மூன்றாவது தரமும் போட்டிருக்கிறார் என்று சொன்னேன். அக்கா படத்தைப் பார்த்தார். "ஓம்" என்றார். கண் எங்கேயோ இருந்தது. எனக்குக் கிடைத்தது அக்கா அல்ல, அக்காவின் உடம்பு மட்டும்தான்.

மூன்றாம் நாள் பின்னேரம் மகள் கீழே வந்தாள். வேலைக்குப் போன உடுப்போடு வாசலிலேயே நின்றாள். அவளுக்குத் தமிழ் வரும், அழும்போது பாதி பிரெஞ்சாகிவிடும். அன்றைக்கு முழுவதும் தமிழிலேயே கதைத்தாள், நான் சரியாக விளங்கிக்கொள்ளவேண்டும் என்றோ என்னவோ.

"அன்ரி, உங்களுக்குத்தான் அம்மாவைப் பற்றி எல்லாம் தெரியும். அம்மா ஏதும் செய்தவவோ? அவன் என்னோட கதைக்கேக்கை அழுறான். தாய் சொன்ன காரணத்தைச் சொல்லமாட்டன் எண்டுறான். உன்ரை அம்மாவைப் பற்றின விசயம், எப்பிடி உனக்குச் சொல்லுறது எண்டுறான். எனக்கு அவன்தான் வேணும் அன்ரி. ஆனா அம்மாவிலையும் கோபப்பட ஏலாமக் கிடக்கு. அவ மேல்வீட்டில இருந்து அழுதுகொண்டிருக்கிறா."

அந்தப் பிள்ளை தாயைச் சந்தேகப்படத் தொடங்கிவிட்டாள். அதுதான் என்னை அடித்தது. கலியாணம் குழம்பினது ஒரு பக்கம் இருக்கட்டும், இருபத்தேழு வருடம் வளர்த்த தாயை அவள் இப்போது கள்ளியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். பார்க்க வைத்தது என் வாய். இல்லை, வாயைக்கூட நான் திறக்கவில்லையே. மூடிக்கொண்டிருந்தே செய்திருக்கிறேன்.

அடுத்த நாள் கடைக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டு மெட்ரோ எடுத்தேன். இடையில் மஞ்சள் தடத்து ரயிலுக்கு மாறி, ஆற்றுக்குக் கீழால் போய் லொங்குய்யில் இறங்கி, பிறகு பஸ். வழியெல்லாம் என்ன சொல்வது என்று கட்டிக் கட்டிப் பார்த்தேன். கதவைத் திறந்த அந்த அம்மா என்னைக் கண்டு திகைத்தார். நான் செருப்பைக் கழற்ற முதலே சொல்லத் தொடங்கிவிட்டேன். பெரியவர் யார், மாமி யார், மூத்த மருமகள் எந்த நாடு, கிரீடம் எங்கே பூட்டிக் கிடக்கிறது, எல்லாம். கைபேசியைத் திறந்து விருந்துப் படத்தையும் காட்டினேன். "இஞ்சை பாருங்கோ, இவதான் மூத்தவள். இவள் சின்னவள், மொட்டையா நிக்கிறாள். இந்த மாமியைத்தான் நாங்கள் சந்தையில கதைச்சது. எங்கட அக்கா தன்ரை மருமக்களுக்குத் தன்ரை தாலிக்கொடியையே கழட்டிக் குடுப்பா."

அந்த அம்மா படத்தை வாங்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். நம்பவில்லையோ என்று நான் இன்னொரு படத்தையும் எடுத்துக் காட்டப் போனேன். பிறகு கோபமாகச் சொன்னார்:

"உது மாமியின்ரை பிழை. சின்னவளுக்கு ஏன் குடுக்கேல்லை? ரெண்டு வருசமா அவள் வெறுந்தலையோடதான் வாறாள். நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"உங்களுக்கு அவையைத் தெரியுமோ?"

"தெரியாமலோ? எனக்கு வேற என்ன பொழுதுபோக்கு? எங்கட வீட்டில உதைக் கதைக்க ஒருத்தரும் இல்லை, அதுதான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை."

விழுந்து விழுந்து சிரித்தார். என்னை இருத்தித் தேத்தண்ணி தந்தார். அரைமணித்தியாலம் நாங்கள் இரண்டு பேரும் சின்ன மருமகளுக்காகச் சண்டை பிடித்தோம். நன்றாகத்தான் கதைத்தார், பாழாய்ப்போவார். நான் அறியாத ஒரு விசயமும் சொன்னார், சின்னவளின் கலியாண முக்காட்டைப் பற்றி. அக்கா இதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். நினைத்த அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. இந்தக் கதையைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளத்தானே நான் வாயை மூடினேன். இப்போது வீடு தேடி வந்து நானே அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

வாசலில் வைத்து அவர் கேட்டார். "அண்டைக்குக் கடையில கேட்டனான்தானே. ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"அப்ப எனக்கு விளங்கேல்லை" என்றேன்.

"ஓமோ" என்றார். 

கலியாணம் மறுபடி ஒப்பேறியது. அக்கா இரும்புப் படிக்கட்டில் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "உன்னாலதான் தங்கச்சி! அவவுக்கும் அரண்மனைக் கதையெண்டா உயிராம்! இவ்வளவு காலமும் தெரியாமப் போச்சே!" என்றார். தெரியாமல்தான் போயிருக்கவேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் லொங்குய்யில்தான்.

வைகாசியில் மண்டபத்தில் கலியாணம். மணப்பெண்ணின் சட்டையை மூன்று பக்கத்தாலும் சுற்றிப் பார்த்தேன். பின்கழுத்தைப் பார்த்தேன், கைக்குழியைப் பார்த்தேன், கொக்கி வைத்த இடத்தைக் கையால் தடவியும் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. நாசமாய்ப் போக, ஒரு பிழைகூட இல்லை. பிள்ளை என்னைக் குனிந்து கொஞ்சினாள். மேடைக்குப் பக்கத்தில் இரண்டு சம்பந்திமாரும் பட்டுச்சீலையோடு ஒரே கைபேசிக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள். மற்றவர்கள் மாப்பிள்ளையின் படம் பார்க்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். நான் தூரத்திலிருந்தே கண்டுபிடித்தேன், எந்த அரண்மனை என்று.

கலியாணம் முடிந்து மூன்றாவது ஞாயிறு, பத்து மணிக்குப் படிக்கட்டில் சத்தம். வெளியே போக உடுத்தித்தான் வந்திருந்தார், கையில் பை. ஆனாலும் மேசையில் இருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றினேன். இதற்கு மேல் வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"அக்கா, உங்களிட்டை ஒண்டு சொல்லோணும்."

"சொல்லு."

சொன்னேன். கடைக்கு அவர் வந்து கேட்டது, நான் விளங்கிக்கொண்டது, விளங்கியும் வாயை மூடிக்கொண்டது. அக்கா தேத்தண்ணியை ஊதி ஒரு வாய் குடித்தார்.

"தெரியும்" என்றார்.

"எப்ப?"

"கலியாணத்துக்கு முதலே. 'உங்கட தங்கச்சியைக் கேட்டனான், ஒண்டும் சொல்லமாட்டன் எண்டிட்டா' எண்டு சம்பந்தி சொன்னவ. நீ விளங்காமச் சொல்லுற ஆள் இல்லையே."

"பேந்து ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். எட்டு மாசம் பாத்தனான்." கோப்பையை வைத்தார். "என்ரை பிள்ளை நல்லா இருக்கப்போறாள் எண்டோ உனக்கு எரிஞ்சது? உனக்கொரு பிள்ளை இல்லையெண்டோ?"

"இல்லை அக்கா. சத்தியமா இல்லை."

"அப்ப?"

"அவவில எரிஞ்சது. உங்கட சம்பந்தியில. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கை போகத் தொடங்கிட்டியள்."

அக்கா என்னையே பார்த்தார். இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. எட்டு மாதமாக என்னைப் பற்றி என்னென்னவோ நினைத்திருப்பார், இதை நினைத்திருக்கமாட்டார். கண் கலங்கியது.

"இதை அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமே, விசரி. நான் போகாம இருந்திருப்பன்."

பிறகு சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நான் வாசல்வரை போனேன். செருப்பைக் கொழுவிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "அப்ப நான் போறன்" என்றார். இருபது வருடத்தில் என் வாசலில் நின்று அக்கா எப்போதும் 'வாறன்' என்றுதான் சொல்லியிருக்கிறார்.